மாட் செய்த ஸ்போர்ட்ஸ் கார்: பவரும் வேணும், தினமும் ஓட்டவும் வேணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை மாட் செய்யப் போகிறவர்களும் (அதாவது பவருக்காகப் பாகங்களையோ சாஃப்ட்வேரையோ மாற்றப் போகிறவர்களும்), செய்து முடித்துவிட்டு முழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதல் மூன்றும் அடிப்படை. விஷயம் தெரிந்தவர்கள் நேராக நான்காவதுக்குப் போகலாம், ஆனால் முதல் பதிலில் உள்ள கணக்கு பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

1. ஹார்ஸ்பவர், டார்க், ரெண்டும் ஒண்ணா வேறயா? எதைப் பார்த்து முடிவு பண்றது?

இன்ஜின் கிராங்க்கை (இன்ஜினின் சுழலும் தண்டை) எவ்வளவு பலமாகத் திருகுகிறதோ அது டார்க். அந்தத் திருகல் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பவர். டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால்) பெருக்கி, 7024-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும். 400 நியூட்டன் மீட்டர் 3000 ஆர்பிஎம்மில் கிடைத்தால் சுமார் 171 குதிரைத்திறன், அதே 400 நியூட்டன் மீட்டர் 6000 ஆர்பிஎம்மில் கிடைத்தால் சுமார் 342.

அதாவது எல்லோரும் பெருமையாகச் சொல்லும் அந்த ஒரு நம்பர், ஆர்பிஎம் முள் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, பெடலை முழுசாக மிதித்தால் மட்டும் கிடைப்பது. நீங்கள் தினமும் ஓட்டுவது 1500-க்கும் 4000-க்கும் நடுவில், பெடலைக் கால்வாசி மிதித்து. அந்த இடத்தில் கார் எவ்வளவு தருகிறது, கேட்டவுடன் தருகிறதா, கேட்ட அளவுதான் தருகிறதா? கீழே உள்ள எல்லாக் கேள்விகளையும் நான் இந்த மூன்றை வைத்துத்தான் பார்க்கிறேன்.

2. டெய்லி ஓட்டுறதுக்கு எத்தனை ஹார்ஸ்பவர் போதும்? 300? 400? 500?

சும்மா போவதற்கென்றால், சாதாரண அளவுள்ள ஒரு கார் சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போக 20 குதிரைத்திறன் கூடத் தேவைப்படாது. மீதியெல்லாம் வேகம் எடுப்பதற்கும், ஏற்றத்துக்கும், ஆசைக்கும். அதனால் "போதும்" என்ற கேள்விக்கு இன்ஜினைவிட எடை, டயர், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பவைதான் அதிகம் பதில் சொல்லும். ஒரு டன் எடையுள்ள காரில் 200 குதிரைத்திறன் காட்டுகிற சுறுசுறுப்பை 1.7 டன் காரில் வரவழைக்க 340 வேண்டும்.

முன்சக்கர இழுவைக் காரில் எல்லை சீக்கிரம் வந்துவிடும். 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பியது. அதற்காக அவர்கள் முன் சஸ்பென்ஷனுக்குத் தனி வடிவமைப்பில் ஒரு நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்), ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் போட வேண்டியிருந்தது. நீங்கள் வெறும் சாஃப்ட்வேரில் அதே நம்பரை எட்டி, டிஃபரன்ஷியலைத் தொடாமல் விட்டால், இரண்டாவது கியரில் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். நனைந்த ரோட்டில் மூன்றாவதிலும் பிடுங்கும்.

3. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2-ன்னு சொல்றாங்களே, எது டெய்லிக்கு சரி?

இந்தப் பெயர்களுக்கு எந்தத் தரநிலையும் கிடையாது, விற்பவர் வைத்ததுதான். பொதுவாக ஸ்டேஜ் 1 என்றால் ரீமேப் மட்டும், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் சாஃப்ட்வேரை மாற்றி ட்யூன் செய்வது. ஸ்டேஜ் 2 என்றால் அதோடு டவுன்பைப் (டர்போவுக்குப் பின் வரும் எக்ஸாஸ்ட் குழாய்), இன்டேக், இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விப்பது) மாதிரி உருப்படிகள். ஸ்டேஜ் 3-இல், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவே மாறும்.

தொழிற்சாலை டர்போ உள்ள காருக்கு நல்ல ஸ்டேஜ் 1-உம் ஒரு பெரிய இன்டர்கூலரும் போதும் என்பது என் கட்சி. ஏனென்றால் டர்போ சின்னதாகவே இருப்பதால் கீழ் ஆர்பிஎம் துடிப்பு அப்படியே நிற்கும், நடு ஆர்பிஎம்மில் நிறையக் கூடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு படிக்கும் ஏதாவது ஒரு வசதியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

4. பெரிய டர்போ போட்டேன், 4000 வரைக்கும் கார் தூங்குது, அப்புறம் பேய் மாதிரி ஓடுது. ட்யூன் பண்ணா சரியாகுமா?

பெருமளவு சரியாகாது. இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஆர்பிஎம்முக்குக் கீழே எவ்வளவு மிதித்தாலும் முழு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வரவே வராதோ, அது பூஸ்ட் தொடங்கும் எல்லை. டர்போவைச் சுழற்றப் போதுமான எக்ஸாஸ்ட் வாயு அங்கே கிடையாது, அவ்வளவுதான். லேக் என்பது வேறு. வாயு போதுமான அளவு இருக்கும் ஆர்பிஎம்மில், மிதித்த நொடிக்கும் பூஸ்ட் வரும் நொடிக்கும் உள்ள இடைவெளி அது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் முதல் வகை. வேரியபிள் கேம் டைமிங் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வசதி) இருக்கிற இன்ஜினில் ட்யூனர் சில நூறு ஆர்பிஎம் கீழே இறக்கித் தரலாம். மீதி ஹார்டுவேர் சமாசாரம்.

ஹார்டுவேரில் வழி இருக்கிறது. டர்பைன் ஹவுசிங்கை (டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு போகும் கூட்டை) ஒரு அளவு சின்னதாக்கினால் மேலே கொஞ்சம் மூச்சு முட்டும், கீழே சீக்கிரம் விழிக்கும். இன்ஜினும் மேனிஃபோல்டும் ஒத்துவந்தால் ட்வின் ஸ்க்ரோல் நல்ல மருந்து, சிலிண்டர்களின் வெளியேற்றம் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து அனுப்புவதால் டர்பைனுக்குப் போகும் உந்துதல் வீணாகாது. பால் பேரிங் டர்போ லேக்கைக் குறைக்கும், ஆனால் பூஸ்ட் தொடங்கும் எல்லையை அவ்வளவாக நகர்த்தாது. பலர் அதை வாங்கிவிட்டு ஏமாறுவது இதனால்தான்.

இது புதுப் பிரச்சினையும் கிடையாது. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ 3 லிட்டரில் 260 குதிரைத்திறன் தந்தது. வளைவில் மிதித்துவிட்டுக் காத்திருந்தால் பூஸ்ட் வேண்டாத நேரத்தில் வந்து பின்பக்கத்தைச் சுழற்றிவிடும் என்று பெயர் வாங்கியதும் அதே கார்தான். 1993 டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினில் இதற்காகவே இரண்டு டர்போக்களை வரிசையாக வேலை செய்ய விட்டார்கள்: கீழே ஒன்று மட்டும், ஏறத்தாழ 4000 ஆர்பிஎம் வந்ததும் இரண்டும். அதைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பெரிய டர்போ போடுவதுதான் அந்தக் காரின் மிகப் பிரபலமான மாட். பவர் கிடைக்கும், சரி. தொழிற்சாலை மெனக்கெட்டுத் தீர்த்த பிரச்சினையும் கூடவே திரும்பி வரும்.

5. அப்போ சூப்பர்சார்ஜர் போட்டுட்டா லேக்கே இல்லல்ல?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காற்றைத் தள்ளும், அதனால் 2000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் இருக்கும். தினசரி ஓட்டத்துக்கு இதைவிட இயல்பான குணம் வேறு எதிலும் கிடைப்பது கடினம். சென்ட்ரிஃப்யூகல் வகையில் பூஸ்ட் ஆர்பிஎம்மோடு ஏறும், உச்சியில்தான் முழுசாக வரும். கீழே ஏறக்குறைய ஸ்டாக் கார், அதாவது மாட் செய்யாத கார். நெரிசலில் அது ஒரு வகையில் நல்லதுதான், பழகிய காராகவே இருக்கும். ஆனால் லேக் போகட்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்க்கும் இழுவை அங்கே இருக்காது.

இரண்டுமே பெல்ட்டில் ஓடுவதால் இன்ஜினின் பவரிலேயே ஒரு பங்கைத் தின்றுதான் வேலை செய்யும். எரிபொருள் செலவில் அது தெரியும்.

6. என் கார் என்ஏ. டர்போ வேணாம், கேம் மாத்தினா போதுமா?

என்ஏ, அதாவது டர்போ இல்லாத இன்ஜினில், டியூரேஷன் அதிகமான (வால்வைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும்) கேம் போட்டால் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு நகரும், கீழே இருந்து எடுத்துத்தான் மேலே கொடுக்கும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளி கூடுவதால் ஐடில் (பெடலைத் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலை) தடதடக்கும், மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் இருக்கிறது, பெடல் கடினமாகிவிட்டதே என்று யாராவது பதறினால் முதலில் பார்க்க வேண்டியது இது. ஹோண்டா 1989-இல் விடெக் கொண்டுவந்து 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் எடுத்தது இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்த்தான்: கீழே சாதுவான கேம், மேலே ஆக்ரோஷமான கேம், நடுவில் ஒரு மாற்றம்.

அதே ஹோண்டா எஸ்2000-இல் செய்ததையும் கவனியுங்கள். முதலில் வந்த 2 லிட்டர் இன்ஜின் 9000 ஆர்பிஎம் வரை போகும். 2004 மாடலில் வட அமெரிக்காவுக்கு அதை 2.2 லிட்டராக்கி, ரெட்லைனை 8000-க்கு இறக்கினார்கள். பவர் கிட்டத்தட்ட அதே 240, ஆனால் டார்க் கூடியது, கொஞ்சம் கீழேயே கிடைத்தது. கத்தும் 9000-ஐ விரும்பியவர்கள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் ஓட்ட எனக்கு 2.2-தான்.

கேமுக்குச் செலவழிக்கும் முன் ஃபைனல் டிரைவ் விகிதத்தை (கியர்பாக்ஸுக்குப் பின் வரும் கடைசிப் பல்சக்கர விகிதத்தை) கூட்டுவதை யோசியுங்கள். சக்கரத்துக்குப் போகும் டார்க் எல்லா கியரிலும் கூடும், ஐடில் கெடாது. நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் ஏறும், அது ஒன்றுதான் விலை.

7. டைனோல 400 காட்டுச்சு. ஆனா ஃப்ரெண்டோட 320 கார் ரோட்ல என்னை முந்துது. எப்படி?

டைனோ, அதாவது பவரை அளக்கும் இயந்திரத்தில் நடக்கும் சோதனை, முழு மிதியில், ஒரே கியரில், கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் நடப்பது. ரோட்டில் நீங்கள் பாதி மிதியில் தொடங்குகிறீர்கள், கியர் மாற்றும்போது ஆர்பிஎம் விழுகிறது, விழுந்த இடத்தில் பூஸ்ட் இல்லையென்றால் மறுபடி காத்திருக்கிறீர்கள். நண்பரின் காரில் 2500 முதல் 6000 வரை வளைகோடு தட்டையாக இருந்து, உங்களுடையது 5000-க்கு மேல் மட்டும் கூர்மையாக ஏறினால், பெரும்பாலான நேரம் அவரிடம்தான் அதிக பவர் இருக்கிறது. கடைசி நம்பரை விட்டுவிட்டு, இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு நம்பரும் ஒரே டைனோவில் எடுத்ததா? சக்கரத்தில் அளந்ததா, கிராங்க்குக்கு மாற்றிக் கணக்கிட்டதா? வெப்பநிலைத் திருத்தம் எப்படிப் போட்டார்கள்? இதெல்லாம் தெரியாமல் இரண்டு காகிதங்களை ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

8. ட்ராஃபிக்ல முதல் கியர்ல கார் குதிக்குது, கொஞ்சம் தொட்டாலே பாயுது. இதுக்கு என்ன வைத்தியம்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பழி ட்யூன் மேல். முழு மிதியில் கச்சிதமாக ட்யூன் செய்துவிட்டு, சின்ன மிதியை அப்படியே விட்டுவிடுவார்கள். பெரிய இன்ஜெக்டர் போட்டிருந்தால் ஐடிலில் அது ஒரு மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறது. அவ்வளவு சின்ன நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் விழும் என்பது பேட்டரி வோல்டேஜையும் இன்ஜெக்டரின் குணத்தையும் பொறுத்து மாறும். அந்தத் தரவு இசியுவில் சரியாக இல்லையென்றால் கலவை ஏறி இறங்கும், கார் குதிக்கும். தரவு முறையாக வெளியிடப்பட்ட இன்ஜெக்டர் வாங்குவது பாதி வேலையை முடித்துவிடும்.

எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள காரில் இன்னொன்றும் நடக்கும். "ஷார்ப்பா இருக்கணும்" என்று கேட்கிறவர்களுக்காகப் பெடல் மேப்பை மாற்றி, 20 சதவீதம் மிதித்தாலே 50 சதவீதம் திறக்கும்படி வைத்துவிடுவார்கள். முதல் நாள் ஜோராக இருக்கும். இன்ஜினின் பவர் ஒரு துளிகூடக் கூடியிருக்காது, பாதத்துக்கு இருந்த நுணுக்கம் மட்டும் போயிருக்கும். பழையபடி நேர்கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ட்யூனரிடம் கார் கொடுக்கும்போது ஒரு இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏசி போட்டு ஐடில், ஏசி போட்டு மெதுவாக நகர்வது, மேட்டில் ஊர்வது, இவற்றையும் பட்டியலில் சேருங்கள். இதற்கெல்லாம் நேரம் ஆகும், கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள். முழு மிதி மேப்பைவிட உழைப்பு அதிகம் இதில்தான்.

9. ட்யூன் சரியாத்தான் இருக்கு, கிளட்ச் மாத்தின பிறகுதான் நெரிசல்ல உயிர் போகுது.

செராமிக் பக் கிளட்ச் போட்டிருப்பீர்கள். அது ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி, நடுவில் ஒன்றும் கிடையாது. பிடிப்பு அதிகம், நழுவவிட்டால் சீக்கிரம் சூடாகி அதிரும். தேவையைவிட ரொம்ப மேலே தாங்கும் கிளட்ச் வாங்குவது பலர் செய்வது, ட்யூன் செய்த டார்க்குக்கு மேல் இருபது சதவீதம் போல இடம் விட்டால் போதும் என்பேன். ஆர்கானிக் தட்டும் கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட்டும் நிறையக் கார்களுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆர்கானிக் ட்வின் டிஸ்க், விலை ஏறும், கால் பிழைக்கும்.

ஃப்ளைவீலையும் எடை குறைத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இன்ஜின் சட்டென்று ஏறி இறங்கும், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கிளட்சை விடும்போது கைகொடுக்க அங்கே எடை இல்லை. டூயல் மாஸ் ஃப்ளைவீலை எடுத்துவிட்டு சிங்கிள் மாஸ் போட்ட கார்களில் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கலகலவென்று சத்தம் போடும். பெரும்பாலும் அது பழுது இல்லை, அதிர்வை உறிஞ்சிக்கொண்டிருந்த பாகத்தை நாம் கழற்றிவிட்டோம்.

10. 1800 ஆர்பிஎம்லயே முழு டார்க் கேட்டா ட்யூனர் மாட்டேங்கிறார். சின்ன டர்போதானே, வருமே?

வரும். ட்யூனர் சொல்வதைக் கேளுங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஸ்பார்க்குக்குப் பிறகு கலவையின் மீதி தானாக வெடிக்கும் சாதாரண நாக் (knock) பிரச்சினையைவிட இது மோசமானது, ஒரே தடவையில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதைத் தடுக்கும் சோதனைகள் இன்ஜின் ஆயில் தரத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன: அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் (ஏபிஐ) தரங்களில் 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி. கார் கையேடு அனுமதித்தால் எஸ்பி ஆயிலே ஊற்றுங்கள்.

இன்னொரு காரணம் கனெக்டிங் ராட். அதை வளைப்பது சிலிண்டர் அழுத்தம், அதாவது டார்க். முதல் கேள்வியின் கணக்கைப் பாருங்கள்: அதே 342 குதிரைத்திறனை 6000-இல் எடுக்க 400 நியூட்டன் மீட்டர் போதும், 4000-இல் எடுக்க 600 வேண்டும். ஸ்டாக் ராட் இருக்கும் இன்ஜினில் நல்ல ட்யூனர் டார்க்கைக் கீழே மெதுவாக ஏறவிட்டு, நடுவில் தட்டையாகப் பிடித்து, மேலே நீட்டிக்கொண்டு போவார். ஓட்டவும் அதுதான் சுகம். உயர் கியரில் 1500-இல் வைத்து அழுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு கியர் குறையுங்கள்.

11. 98 ஆக்டேனுக்கு மேப் போட்டிருக்கு. சில நேரம் 95 போட்டா என்ன ஆகும்?

நவீன இசியு நாக் சென்சாரைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், பவர் குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். மெதுவாக ஓட்டி வீடு சேர்வதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஓரத்தில் வைத்து ட்யூன் செய்த மேப்பில், வெயில் நாளில், முழு மிதியில் அந்தப் பாதுகாப்பை நம்பாதீர்கள். எப்போதும் கிடைக்கும் எரிபொருளுக்கு மேப் போட்டுக்கொள்வதுதான் தினசரி காருக்குப் பொருத்தம்.

இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) கேட்பவர்களுக்கு: நாக் வராமல் தடுப்பதில் பிரமாதம், ஆனால் பெட்ரோலைவிட சுமார் 30 சதவீதம் அதிக அளவு ஓட்டம் வேண்டும். பம்ப், இன்ஜெக்டர் தாங்க வேண்டும், டேங்க் சீக்கிரம் காலியாகும், குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எத்தனால் அளவு நிரப்புக்கு நிரப்பு மாறுவதால் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

12. எக்ஸாஸ்ட் போட்டதுல இருந்து ஹைவேல தலைவலி. சத்தம் குறைக்காம ட்ரோன் மட்டும் போகுமா?

போகும். ட்ரோன் என்பது ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் விடாமல் கேட்கும் தாழ்ந்த ரீங்காரம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. காருக்குள் ரீங்காரமிடுவது அந்த 100 ஹெர்ட்ஸ்தான். பைப்பில் பக்கவாட்டில், முனை மூடிய ஒரு கிளைக்குழாயை அந்த அலையின் கால்பங்கு நீளத்துக்கு, இந்த உதாரணத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு, வெல்டு செய்தால் அந்தக் குறிப்பிட்ட ஒலி மட்டும் அடங்கும். இடம் இல்லையென்றால் ரெசனேட்டர். அதற்கு முன் இன்ஜின் மவுண்ட்டும் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) கடினமான பாலியூரித்தேனில் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பாதி அதிர்வு அதன் வழியாகவே வந்துகொண்டிருக்கலாம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். பல நாடுகளில் சட்டவிரோதம், தினமும் உட்காரும் காரில் அந்த நாற்றமும் சகிக்காது. அடைப்பு குறைந்த ஹை ஃப்ளோ வகைகளில் இழப்பது சொற்பம்.

13. ஆயில் கூலர் போட்டேன், இப்போ ஆயில் சூடே ஆகல. நல்லதுதானே?

நல்லதில்லை. ஆயில் 80, 90 டிகிரிக்காவது வந்தால்தான் தன் வேலையைச் செய்யும், உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட் (ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வரும் தட்டு) போடுங்கள்.

14. பிரேக், சஸ்பென்ஷன், டயர்ல எதை முதல்ல பார்க்கணும்?

டயர். பவர் கூட்டிய பிறகு பழைய டயரில் ஓட்டுவது பணத்தைப் புகையாக்குவது. ஆனால் செமி ஸ்லிக் (ட்ராக்குக்கான டயர்) பக்கம் போகாதீர்கள், குளிரிலும் மழையிலும் அவை சாதாரண டயரைவிடக் கீழே. அதே மாதிரி ரேஸ் பிரேக் பேட், சூடாகும் வரை சரியாகப் பிடிக்காது, காலையில் முதல் சிக்னலில் அது தெரியும். நல்ல ரோடு பேடும் புது பிரேக் ஆயிலும் போதும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த உத்தரவாதம் 155-க்கு இறங்கிவிடும்.

சஸ்பென்ஷனில் ஒரே ஒரு சொல்: ரொம்பத் தாழ்த்தாதீர்கள். பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷனின் கடைசித் தடுப்பு ரப்பரில்) உட்கார்ந்துவிட்ட காரால் மேடுபள்ளத்தில் பவரை ரோட்டுக்குக் கொடுக்கவே முடியாது.

15. எல்லாத்தையும் போட்டாச்சு. கார் வேகமா இருக்கு, ஆனா எடுத்துட்டுப் போகவே மனசு வரல. வித்துடலாமா?

விற்பதற்கு முன் ஒரு வரிசையில் திரும்பி வாருங்கள். முதலில் எட்டாவது பதிலில் உள்ள பெடல் மேப், ஐடில், குளிர் ஸ்டார்ட். அடுத்து மவுண்ட்கள், ஸ்டாக் அல்லது ஒரு படி மட்டும் கடினமான ரப்பர். பிறகு கிளட்ச். இந்த மூன்றும் முடிந்தும் தூங்குகிறது என்றால் மட்டும் நான்காவதில் சொன்ன டர்பைன் ஹவுசிங். உச்சியில் நாற்பது குதிரைத்திறன் போகலாம், அது போனதே தெரியாத அளவுக்கு நடுவில் கிடைத்துவிடும். டைனோ காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியவர்களுக்குத்தான் கஷ்டம்.

16. வாரன்டி, இன்ஷூரன்ஸ்?

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்தால் விபத்து நேரத்தில் மாட்டுவீர்கள். இசியுவைப் பழைய மேப்புக்கே மாற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடம் பல கார்களில் தங்கிவிடும், அதனால் வாரன்டி விஷயத்தில் யாரையும் ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

17. மேப் சுவிட்ச் வெச்சு வாரநாள்ல 250, ட்ராக்ல 500-ன்னு மாத்திக்கலாம்ல? அப்போ பேலன்ஸ் பிரச்சினையே இல்லையே?

பாதி உண்மை. மேப் மாற்றினால் பூஸ்ட், இக்னிஷன், பெடல் குணம், கியருக்கு ஏற்ற டார்க் வரம்பு எல்லாம் மாறும். இதில் கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே அருமையான வசதி, முதல் இரண்டு கியரில் பூஸ்டைக் குறைத்து வைத்தால் டயரும் கியர்பாக்ஸும் பிழைக்கும். ஆனால் பூஸ்டை வேஸ்ட்கேட் (அதிகப்படி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைத் தவிர்த்து அனுப்பும் வால்வு) ஸ்ப்ரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே எந்த மேப்பாலும் இறக்க முடியாது, இசியு த்ராட்டிலை மூடித்தான் பவரைக் குறைக்கும். ஸ்ப்ரிங்கே 1.2 பார் என்றால் உங்கள் "சாது" மேப்பும் த்ராட்டிலை மூடாதவரை, மிதித்தால் 1.2 பார் பக்கம்தான் போகும்.

மேலும் 250-இல் ஓட்டும்போதும் அங்கே இருப்பது 500-க்கான டர்போ. அது 4000-இல்தான் விழிக்கும், கிளட்ச் அதே கிளட்ச், மவுண்ட் அதே மவுண்ட். கீழே மந்தமாகவும் மேலே கட்டிப்போட்டும் இருக்கிற ஒரு காரைத்தான் வாரம் முழுக்க ஓட்டுவீர்கள். இந்த யோசனையோடு வருகிறவர்களிடம் 350-ஐ இலக்காக வைத்து டர்போ தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஸ்ப்ரிங்கை மெலிதாகப் போட்டு, மீதியை பூஸ்ட் கன்ட்ரோல் சோலினாய்டால் (பூஸ்டை இசியு கட்டுப்படுத்த உதவும் மின் வால்வால்) ஏற்றிக்கொண்டால், அந்த அளவில் மேப் சுவிட்ச் சொன்னபடி வேலை செய்யும்.